புள்ளிகளுக்கு அடியில் இருக்கும் ஊர்

உலர்ந்த மணலில் சப்பணமிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பாருங்கள். இடுப்பும் இரண்டு தொடைகளும் பதிந்து, குதிரை லாடம் போல ஒரு தடம் கிடக்கும். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பழங்குடியினரின் புள்ளி ஓவியங்களில் திரும்பிய பக்கமெல்லாம் தென்படும் லாட வடிவம் இதுதான். ‘இங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்’ என்று பொருள். முகம் கிடையாது, கை கால் கிடையாது. ஆள் எழுந்து போன பிறகு நிலத்தில் என்ன மிஞ்சுகிறதோ அதுவே அந்த ஆளின் படம்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கத் தொடங்கும். மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடினால் ஈமு பறவையின் கால் தடம். இரண்டு நீளமான பாதத் தடங்களும் நடுவே இழுபட்ட கோடும் இருந்தால் கங்காரு. அந்தக் கோடு அதன் வால். நெளிகோடு பாம்பாகலாம், ஓடும் நீராகலாம். லாடத்தின் பக்கத்தில் ஒரு நேர்கோடும் நீள்வட்டமும் இருந்தால் உட்கார்ந்திருப்பவர் பெண்: கோடு அவர் கிழங்கு தோண்டும் கழி, நீள்வட்டம் அவருடைய மரத்தட்டு. பக்கத்தில் ஈட்டி இருந்தால் ஆண். ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் வட்டங்கள் ஓர் இடம்: சுனை, குடியிருந்த இடம், அடுப்பு, குன்று, எறும்புப் புற்று, எதுவாகவும் இருக்கலாம். இரண்டு வட்டங்களை இணைக்கும் கோடுகள், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடந்த வழி.

இந்தக் குறிகள் கித்தானுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. பாலைவனத்துப் பெண்கள் குழந்தைகளை எதிரே உட்காரவைத்து, மணலில் விரலால் இவற்றைக் கீறியபடியே கதை சொல்வார்கள். ஒரு காட்சி முடிந்ததும் உள்ளங்கையால் மணலைத் துடைத்துவிட்டு அடுத்த காட்சி. பாறைகளிலும், சடங்குகளின்போது உடம்பிலும், தரையிலும் இதே குறிகள்தான்.

நினைவுப் பொருள் கடைகளில் ‘இந்தக் குறிக்கு இந்தப் பொருள்’ என்று அட்டவணை அச்சடித்து விற்பதுண்டு. அதை அகராதி போல நம்பிவிடக் கூடாது. ஒரே வட்டம் ஓர் ஓவியத்தில் சுனை, இன்னொன்றில் தேன் எறும்பின் வளை. எது என்று சொல்வது குறி அல்ல. எந்த இடத்தின் கதை அது என்பதுதான்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். புள்ளி ஓவியம் என்றால் ஆஸ்திரேலியப் பழங்குடிக் கலை முழுவதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. வடக்கே ஆர்னம் லேண்டில் மரப்பட்டையின் மேல் நுண்ணிய குறுக்குக் கோடுகளால் நிரப்பி வரைவார்கள். வடமேற்கே கிம்பர்லியில் பாறைச் சுவர்களில் வாய் இல்லாத முகத்தோடு வாஞ்ஜினா என்னும் மழைத் தெய்வங்கள் நிற்கின்றன. புள்ளிகள் பாலைவனத்துக்காரர்களுடையவை. பிந்துபி, லுரிட்ஜா, வார்ல்பிரி, அன்மட்யர், அரெர்ண்டே என்று பல மொழி பேசும் பல மக்கள் அவர்கள்.

புள்ளி என்றதும் தமிழருக்குக் கோலம் நினைவுக்கு வரும். அந்த ஒப்புமை வாசலோடு நின்றுவிடுவது நல்லது. கோலத்தில் புள்ளி முதலில், கோடு பிறகு. புள்ளி கோட்டுக்கு வழி காட்டும். இங்கே வட்டமும் தடமும் வழியும் முதலில் வரும்; புள்ளிகள் கடைசியில் வந்து அவற்றைச் சூழும், சில வேளை மூடும்.

கித்தான் சுவரிலோ சட்டத்திலோ நிற்பதில்லை, தரையில் கிடக்கும். ஓவியர் அதன் ஓரத்தில், சில நேரம் அதன் மேலேயே, உட்கார்ந்து நாலா பக்கத்திலிருந்தும் வரைவார். தூரிகையின் பின்முனையோ ஒரு குச்சியோ வண்ணத்தில் தோய்ந்து தோய்ந்து புள்ளி வைக்கும். அதனால் பல ஓவியங்களுக்கு மேல், கீழ் கிடையாது. எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் தவறில்லை. பார்வையும் மேலிருந்து கீழே பார்ப்பது. விமானத்தில் ஏறியே இராத முதியவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நிலத்தை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்தது வெளியாருக்கு வியப்பாக இருந்தது. அவர்களைப் பொறுத்தவரை, நடந்து நடந்து காலால் அறிந்த நிலத்தை மணலில் போட்டுக் காட்டுவதுதான் அது.

அந்த நிலம் என்ன நிலம்? பாலைவனத்து மொழிகள் பலவற்றில் ‘ஙுர்ரா’ என்று ஒரு சொல் உண்டு. (நம் நெடுங்கணக்கில் சொல்லின் முதலில் வர அரிதாகவே வாய்ப்புக் கிடைக்கும் ‘ங’, அங்கே சொல்லைத் தொடங்கிவைக்கிறது.) இரவு தங்கிய இடமும் ஙுர்ரா, வீடும் ஙுர்ரா, முன்னோரின் நிலமும் ஙுர்ரா. நம் பேச்சில் ‘சொந்த ஊர்’ என்று சொல்லும்போது குரலில் வரும் அழுத்தம் கொஞ்சம் அதற்குக் கிட்டே வரும்.

அந்த ஊர் எப்படி உண்டானது என்பதைச் சொல்வது ஜுகுர்பா. ஈமுவாகவும் பல்லியாகவும் மழையாகவும் மனிதராகவும் ஒரே நேரத்தில் இருந்த மூதாதையர், உருவமில்லாத நிலத்தின் மேல் நடந்தார்கள். உட்கார்ந்த இடம் பள்ளமாயிற்று, தோண்டிய இடம் சுனையாயிற்று, விழுந்த இடம் பாறையாயிற்று. வழியெங்கும் பாட்டையும் சட்டத்தையும் விட்டுவிட்டு, கடைசியில் நிலத்துக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். தலபுராணம் என்ற சொல் நம்மிடம் இருப்பதால் இது நமக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் தலபுராணம் ஒரு தலத்தோடு நின்றுவிடும். ஜுகுர்பா நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்துகொண்டே இருக்கும், ஒரு மொழிக்காரரின் எல்லை முடிந்ததும் அடுத்த மொழிக்காரரின் பாட்டில் தொடரும்.

ஆங்கிலத்தில் இதற்குக் ‘கனவுக்காலம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1890களில் அரெர்ண்டே மக்களிடையே ஆய்வு செய்த ஸ்பென்சரும் கில்லனும் பரப்பிய மொழிபெயர்ப்பு அது. கனவும் அல்ல, முடிந்துபோன காலமும் அல்ல என்பதால் அது இரண்டு வகையில் தவறு. 1950களில் ஸ்டானர் என்ற மானுடவியலாளர், எல்லாக் காலத்திலும் நடந்துகொண்டிருப்பது என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் ஒரு புதுச் சொல்லையே செய்து பார்த்தார். அதுதான் சரிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

இதில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. நிரந்தரமான ஆறு ஒன்றுகூட இல்லாத நிலத்தில், எந்தப் பாறையிடுக்கில் மழை முடிந்து எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், எங்கே தோண்டினால் ஊறும் என்பதைத் தெரிந்தவர்தான் உயிரோடு அடுத்த ஊர் சேர முடியும். மூதாதையர் நடந்த வழி என்பது பெரும்பாலும் சுனையிலிருந்து சுனைக்குப் போகும் வழி. பாட்டை வரிசை மாறாமல் பாடத் தெரிந்தவருக்குத் தண்ணீர் வரிசையும் மாறாது.

இனி, முழுவதிலும் முக்கியமானது என்று நான் நினைப்பது: யார் எதை வரையலாம்? கை ஓடுகிறது என்பதற்காக ஒருவர் பிடித்த கதையை எடுத்து வரைந்துவிட முடியாது. வார்ல்பிரி மக்களிடம் இதற்குத் தெளிவான ஏற்பாடு உண்டு. ஓர் இடத்தின் கதை தந்தைவழியாக யாருக்கு வருகிறதோ அவர் ‘கிர்டா’. தாய்வழியாக, அதாவது தாய்மாமன் கிர்டாவாக இருக்கும் நிலத்தின் மேல், ஒருவருக்கு உள்ள பொறுப்பு ‘குர்டுங்குர்லு’. கிர்டா வரையலாம், ஆடலாம், பாடலாம். எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்ப்பது குர்டுங்குர்லுவின் வேலை. பொருள் ஒரு வீட்டில், தணிக்கை மறுவீட்டில். ஒரே ஆள் தன் தந்தையின் நிலத்துக்குக் கிர்டா, தாயின் நிலத்துக்குக் குர்டுங்குர்லு. ஓவியத்தின் பெயர்ப்பலகையில் ஒருவர் பெயரே இருந்தாலும், அதன் பின்னால் இப்படி இரண்டு வீட்டுச் சம்மதம் உண்டு.

பெயர் என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜபல்ஜாரி, ஜுபுருலா, நபங்காடி என்று ஓவியர் பெயர்களின் முடிவில் வருவன குடும்பப் பெயர்கள் அல்ல. வார்ல்பிரி, பிந்துபி போன்ற மக்களிடம் சமூகம் எட்டுப் பிரிவுகளாக இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஆணுக்கு ‘ஜ’வில் தொடங்கும் பெயர், பெண்ணுக்கு ‘ந’வில் தொடங்கும் பெயர். யார் யாருக்கு அண்ணன், யார் யாரை மணக்கலாம் என்பதை அது சொல்லிவிடும். இரண்டு ஜபல்ஜாரிகளைப் பார்த்து ஒரு தாய் மக்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மணலில் அழிந்துகொண்டிருந்த குறிகள் அழியாத பரப்புக்கு ஏறிய கதை, மத்திய ஆஸ்திரேலிய நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் உள்ள பப்புன்யாவில் நடந்தது. பழங்குடிகளை வெள்ளையர் வாழ்க்கைக்குள் கரைத்துவிடும் கொள்கையோடு அரசு கட்டிய குடியேற்றம் அது. பல மொழிக்காரர்களை ஒரே இடத்தில் திரட்டியிருந்தார்கள். 1960களில் மேற்குப் பாலைவனத்துப் பிந்துபிகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். சொந்த ஊரைவிட்டு, பிறர் ஊரில், அரசு கொடுக்கும் சாப்பாட்டில் வாழ்ந்தார்கள். நோயிலும் ஏக்கத்திலும் பலர் இறந்தார்கள்.

1971-ல் ஜெஃப்ரி பார்டன் என்ற இளம் ஆசிரியர் பள்ளிக்கு வந்தார். குழந்தைகள் வகுப்பில் வெள்ளையர் பாணியில் வரைவதையும், வெளியே வந்ததும் மணலில் வேறு விதமாக வரைவதையும் கவனித்தார். பள்ளிச் சுவரில் அவர்களுடைய முறையிலேயே ஒரு படம் வரையலாம் என்ற பேச்சு எழுந்தபோது, பெரியவர்கள் முன்வந்தார்கள். பப்புன்யா இருப்பதே தேன் எறும்பு மூதாதையரின் வழியில்தான். (நிலத்துக்குள் அறைகளில் தொங்கிக்கொண்டு, வயிற்றைத் திராட்சை அளவுக்கு உப்பவைத்துத் தேன் சேமிக்கும் எறும்பு அது. முல்கா மரத்தடியில் பெண்கள் ஆளுயரத்துக்குத் தோண்டி எடுத்து, வயிற்றை மட்டும் வாயில் வைத்து உறிஞ்சுவார்கள்.) கதைக்கு உரிமையுள்ளவர்களின் சம்மதத்தோடு காபா ஜம்பிஜின்பா என்ற ஓவியர் முன்நின்று வரைந்தார். முதலில் அவர் வரைந்த எறும்புகள் பாடப் புத்தகத்தில் வருவன போல இருந்தன. இது உங்கள் எறும்புதானா என்று பார்டன் கேட்க, பேசிக் கலந்து, அந்த எறும்புகளை எடுத்துவிட்டுத் தங்கள் குறியைப் போட்டார்கள். வட்டங்களும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக, அரசுப் பள்ளியின் சுவரில் அந்த ஊரின் கதை முதல் முறையாக ஏறியது. 1974-ல் பராமரிப்புப் பணியின்போது அதன் மேல் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். இன்று புகைப்படங்கள்தான் மிச்சம்.

வேலை அந்தச் சுவரோடு நின்றுவிடவில்லை. கிடைத்த பலகை, ஹார்ட்போர்டு, தரை ஓடு என்று எல்லாவற்றிலும் வரைந்தார்கள். படம் சுவரில் ஏறிய அதே 1971-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நடந்த ஒரு போட்டியில் காபாவின் ஓவியம் முதல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டது. 1972-ல் ஓவியர்களே உரிமையாளர்களாக உள்ள ‘பப்புன்யா துலா’ நிறுவனம் உருவானது. இன்றும் அது அவர்களுடையதே.

அந்தத் தொடக்க காலப் பலகைகளில் புள்ளிகள் குறைவு. அப்படியானால் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? ஒரு பதில் சடங்குத் தரையிலிருந்து. கரையான் புற்று மண்ணைத் தூளாக்கித் தரையைக் கெட்டித்து, ‘வாமுலு’ என்னும் காட்டுப் பூவைப் பொடியாக நறுக்கிச் செங்காவியும் வெள்ளைக் களிமண்ணும் ஏற்றி, சிறு சிறு பஞ்சுக் குவியல்களாகத் தரையில் ஒட்டிக் கோலமிடுவார்கள். ஆடுபவரின் உடம்பிலும் இதே பஞ்சு. பக்கத்தில் இருந்து பார்த்தால் அவை புள்ளிகளே. செம்மண், மஞ்சள் காவி, வெள்ளை, கரி என்று முதல் ஓவியங்களின் நிறங்களும் அந்தத் தரையின் நிறங்கள்தாம்.

இன்னொரு பதில், மறைப்பதற்கு. சடங்கு முடித்த ஆண்கள் மட்டுமே பார்க்கத் தக்க பொருள்களும் வடிவங்களும் முதல் பலகைகள் சிலவற்றில் வெளிப்படையாக இருந்தன. யாரோ தொலைதூர நகரத்தில் வாங்கிப் போவார்கள் என்ற நினைப்பில் வரைந்தது, பக்கத்து ஊர்களிலேயே காட்சிக்கு வந்தபோது பாலைவனத்தின் மற்றச் சமூகங்கள் கொதித்தன. சட்டத்தை மீறிவிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதன் பிறகு அந்த வடிவங்கள் ஓவியத்திலிருந்து விலகின. புள்ளிப் பரப்பு பெருகியது.

‘புள்ளிகள் ரகசியத்தை மறைக்கும் திரை’ என்ற விளக்கம் கேட்க ருசியாக இருப்பதால் எல்லோரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். பாதி உண்மைதான். ஜானி வாரங்குலா ஜுபுருலாவின் கலிபின்பா ஓவியங்களைப் பாருங்கள். கலிபின்பா மழை மூதாதையின் இடம். புயல் மழை பெய்து, மண் ஈரமாகி, காட்டுத் திராட்சைச் செடி முளைக்கும் இடம். அவர் புள்ளியின் மேல் புள்ளியாக அடுக்கடுக்காக வைக்கும்போது மறைப்பும் நடக்கிறது, அதோடு விதையும் தளிரும் நீர்த்துளியும் அந்தப் பரப்பில் வந்துவிடுகின்றன. ஓவியம் நின்ற இடத்தில் நிற்காமல் மினுமினுக்கிறது. மூதாதையின் ஆற்றல் நிலத்தில் இன்னும் இருக்கிறது என்பதை அந்த மினுமினுப்பில் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பெண்கள் முதலில் கணவர், தந்தை ஆகியோரின் ஓவியங்களில் புள்ளி நிரப்பிக் கொடுத்தவர்களாகவே இருந்தார்கள். பிறகு தங்கள் கதைகளைத் தாங்களே வரையத் தொடங்கினார்கள். அவர்களில் எமிலி காமே உங்வாரேயைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பேச்சு முடியாது. யுடோபியா என்ற இடத்தில் 1970களின் கடைசியில், மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணி வேலை கற்றார். கித்தானில் வரையத் தொடங்கியது 1988-ல், எண்பதை நெருங்கும் வயதில். 1996-ல் இறப்பதற்குள் சுமார் 3,000 ஓவியங்கள். ‘காமே’ என்பது ஒரு காட்டுக் கிழங்குக் கொடியின் விதை. பெயரே அவருடைய நிலமான அல்ஹல்கரேயின் கிழங்கு. மண்ணைப் பிளந்துகொண்டு படரும் அந்தக் கொடியைத்தான் கடைசிவரை கோடாகவும் புள்ளியாகவும் வரைந்துகொண்டிருந்தார்.

ஓவியம் விற்ற பணமும் 1976-ல் வட ஆட்சிப்பகுதிக்கு வந்த நில உரிமைச் சட்டமும் சேர்ந்து ஒன்றைச் சாத்தியமாக்கின: ஊர் திரும்புதல். 1981-ல் பிந்துபிகள் பப்புன்யாவை விட்டு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேற்கே உள்ள கின்டோருக்குப் போனார்கள். சில ஆண்டுகளில் இன்னும் மேற்கே கிவிர்குர்ராவுக்கும். 1984-ல் அதுவரை வெளியுலகத் தொடர்பே இல்லாமல் பாலைவனத்தில் வாழ்ந்த ஒன்பது பேர் கொண்ட ஒரு பிந்துபிக் குடும்பம் அங்கே உறவினரோடு சேர்ந்தது. அவர்களில் வார்லிம்பிர்ங்கா ஜபல்ஜாரியும் யுகுல்ஜி நபங்காடியும் பின்னாளில் பெயர் பெற்ற ஓவியர்கள்.

ஊர் திரும்பியவர்களுக்குப் புதுச் சிக்கல் சிறுநீரக நோய். அப்போது டயாலிசிஸ் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில்தான் கிடைத்தது. போனவர்கள் அங்கேயே, தங்கள் ஙுர்ராவைப் பார்க்காமலே இறந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் கின்டோர், கிவிர்குர்ரா ஓவியர்கள் கூடிப் பெரிய கித்தான்களை வரைந்து சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதிலிருந்துதான் கின்டோரிலேயே டயாலிசிஸ் வந்தது. ஊரை வரைந்த ஓவியத்தை விற்று, ஊரில் இருப்பதற்கான எந்திரத்தை வாங்கினார்கள்.

ஓவியம் பட்டாவாகவே நின்ற நிகழ்ச்சியும் உண்டு. கிரேட் சாண்டி பாலைவனத்து மக்கள் தங்கள் நிலத்துக்கு உரிமை கோரியபோது, சாட்சியத்தை ஆங்கிலத்தில், அதிகாரிகளின் வழக்கப்படி சொல்ல வேண்டியிருந்தது. அதில் திருப்தியில்லாத முதியவர்கள், வரைந்தே காட்டிவிடுகிறோம் என்றார்கள். 1997-ல் பிர்னினி என்ற இடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து, எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவுள்ள ஒரே கித்தானில் தங்கள் நிலம் முழுவதையும் வரைந்தார்கள். ‘ஙுர்ராரா’ கித்தான் என்று அதற்குப் பெயர். (பப்புன்யாக் கண்ணோடு பார்த்தால் இதில் புள்ளிகளைவிட நிறங்கள்தான் துள்ளும், பாணி வேறு.) தீர்ப்பாயத்தின் முன்னால் அதைத் தரையில் விரித்து, ஒவ்வொருவரும் தங்கள் சுனை வரையப்பட்டிருக்கும் இடத்தில் ஏறி நின்று, தங்கள் மொழியில் பேசினார்கள். பக்கத்துச் சுனைக்காரர் வந்து நின்று தன்னுடையதைச் சொன்னார். பத்து ஆண்டு கழித்து, 2007-ல் அவர்களுடைய உரிமை அங்கீகரிக்கப்பட்டது.

அதே 2007-ல் நகரத்து ஏல அறையில் இன்னொன்று நடந்தது. கிளிஃபர்ட் போசம் ஜபல்ஜாரி 1977-ல் வரைந்த ‘வார்லுகுலோங்’ 24 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு விலைபோனது. நாட்டின் தேசிய ஓவியக் கூடம் வாங்கியது. லுங்காட்டா என்ற நீலநாக்குப் பல்லி மூதாதைக்கு இரண்டு மகன்கள். வேட்டையாடிய கங்காருவைத் தந்தைக்குக் கொடுக்காமல் தாங்களே தின்றுவிட்டார்கள். தந்தை மூட்டிய காட்டுத் தீ அவர்களைத் துரத்தித் துரத்திக் கொன்றது. ஓவியத்தின் வலப்பக்கம் இரண்டு எலும்புக்கூடுகள் கிடக்கின்றன; புகையும் சாம்பலும் எரிந்த புல்லும் புள்ளிகளில். அதே கித்தானில் வேறு எட்டு மூதாதையர் கதைகளின் தடங்களும் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. இந்த ஓவியம் முதலில் விற்றது 1,200 டாலருக்கு. பல காலம் ஒரு வங்கியின் உணவு அறைச் சுவரில் தொங்கியது. ஏலத்தின்போது ஓவியர் இறந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. குடும்பத்துக்கு ஒரு காசும் வரவில்லை. மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ ஐந்து சதவீதம் தர வேண்டும் என்ற சட்டம் 2010-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

போலிகளின் கதை நீளம். சுற்றுலாக் கடைகளில் பழங்குடிப் பாணி நினைவுப் பொருள்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கும் மேல் பழங்குடியினர் கை படாத பொருள்களுக்கே போகிறது என்று அரசின் ஆய்வு ஒன்று சொல்கிறது. 2019-ல் இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் ஊதுகுழல்களையும் பழங்குடியினர் கைவேலை என்று விற்ற நிறுவனத்துக்கு நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. போலிப் புள்ளி ஓவியத்தில் புள்ளிகள் அச்சு அசலாகவே இருக்கும். அதில் ஊர்தான் இருக்காது. யாருடைய சுனை என்று கேட்டால் பதில் வராது.

ஓவியர்களே நடத்தும் கலை மையங்களில் வாங்கும் ஓவியத்தோடு ஒரு தாள் வரும். ஓவியரின் பெயர், பிரிவு, மொழி, எந்த இடத்தின் ஜுகுர்பா என்ற விவரம், அதோடு நாலைந்து வரியில் கதை. இவ்வளவுதானா என்று படிப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். குழந்தைகளுக்குச் சொல்லும் அளவுக்குத்தான் அந்தத் தாளில் எழுதுவார்கள்.